பந்து சுமந்து போன எண்ணெய்

யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். முகம் அப்புறம். இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்கிற மனிதருக்கு அது ஒரு தீராத பழக்கம். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இரண்டாவது மாடியில் இரண்டு சின்ன அறைகள், வெள்ளை மாவு படிந்த ஜன்னல், மெழுகு உருக்கும் அடுப்பு, பாலிஷ் சக்கரம். செட் மாட்டிக்கொள்கிற யாருடைய வாயையும் அவர் நேரில் பார்த்ததில்லை. இதை வைத்து யாரோ ஒருவர் கடிக்கப் போகிறார், சிரிக்கப் போகிறார் என்பது மட்டும் தெரியும். ஆட்களை எதிரில் உட்கார வைத்துப் பேசத் தேவையில்லாத தொழில் என்பதாலேயே அவருக்கு அது பிடித்திருந்தது.

பவுலிங் அரங்கில் அவரைப் 'பல்லுக்காரர்' என்றார்கள். அங்கே அவரை இழுத்துக்கொண்டு போனது மச்சான், மனைவியின் அண்ணன். "வீட்ல உக்காந்து என் தங்கச்சி மூஞ்சியையே எத்தனை நேரம் பாப்பே? எனக்கே அலுத்துப் போன மூஞ்சி அது. வா மாப்ளே" என்று பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனார். மச்சானுக்கு ஜன்னல்களுக்குத் திரை மாட்டுகிற வேலை. ஏணி, துளை போடும் மெஷின், உதடுகளுக்கு நடுவே நாலு ஸ்க்ரூ. வாயில் ஸ்க்ரூ இல்லாத நேரமெல்லாம் பேச்சு.

பவுலிங் தெரியாதவர்களுக்கு அது பந்தை உருட்டிப் பின்னைத் தள்ளுகிற விளையாட்டு. அறுபதடி நீளத்துக்குப் பலகை பலகையாகத் தெரிகிற தளம், லேன் என்பார்கள். கடைசியில் பாட்டில் வடிவில் பத்து பின்கள். மேலிருந்து பார்த்தால் லேன் முழுக்க ஒரே பளபளப்பு. உண்மையில் முன்பகுதியில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் முடிந்த வறண்ட இடத்தில் தரையைப் பிடித்துத் திரும்பும். எண்ணெய் எங்கே முடிகிறது என்று தெரிந்தவர் ஜெயிப்பார். தெரியாதவர் இன்றைக்குச் செருப்பு சரியில்லை என்பார்.

மச்சானுடைய பந்து ரெசின் பந்து. வறண்ட தரையைக் கண்டால் பாயும். வலது விளிம்போடு விளிம்பாக, ஓரத்துப் பள்ளத்தில் விழுந்துவிடப் போவது போல ஓடும். அடடா, போச்சே என்று நாம் வாயெடுக்கும் நேரத்தில், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி சடாரென்று இடப்பக்கம் திரும்பிப் பின்களைச் சிதறடிக்கும். மச்சானின் மணிக்கட்டில்தான் அந்த வித்தை இருக்கிறது என்று அரங்கில் எல்லோரும் நம்பினார்கள். மச்சான் அதைவிட அதிகமாக நம்பினார்.

"நான் நிக்கிற இடத்துல நில்லு. நான் பாக்கிற பலகையைப் பாரு" என்று முதல் நாள் அவர் சொன்னதைப் பல்லுக்காரர் பதினெட்டு வருடமும் மீறவில்லை. நாலு பேர் அணியில் மூன்றாவதாக இவர், நாலாவதாக மச்சான். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோட்டில், ஒருவர் பின் ஒருவராக.

போன வருடம் சனிக்கிழமைப் போட்டிகளுக்கு எண்ணெயின் நீளத்தைக் குறைத்தார்கள். நாற்பதடிவரை இருந்தது முப்பத்தைந்தோடு நின்றது. வறண்ட தரை கூடியதும் பல்லுக்காரரின் ரெசின் பந்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாதி வழியிலேயே திரும்பிக்கொண்டு எங்கோ இடது மூலைக்கு ஓடியது. மச்சான் வேகமாக வீசுகிறவர்; சமாளித்தார். இவர் பந்துகளுக்கு விரல் துளை போட்டுத் தருகிற கடைக்காரரிடம் போய் நின்றார்.

"உங்களுக்கு யூரித்தேன் பந்து சரியா வரும் சார்."

"அது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. அதான் அதுல விசேஷமே."

யூரித்தேன் சாந்தமான சரக்கு. பாயாது. சீக்கிரமாகவே தரையைப் பிடித்து, குடையின் கைப்பிடியை நீட்டி வைத்தது போல மெல்ல வளைந்து போகும். எண்ணெய் குறைவான லேனில் எங்கே போய்ச் சேரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். கடைக்காரர் இவ்வளவும் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்ல விட்டுவிட்டார்: அந்தப் பந்தின் மேற்பரப்பு மங்கலாகவே இருக்க வேண்டும்.

பல்லுக்காரர் கையில் மங்கலான பொருள் ஒன்று வந்தால் சும்மா இருப்பாரா? அன்று மாலையே நுரைக்கல் தூள் போட்டு, பாலிஷ் சக்கரத்தில் வைத்து, பதினைந்து பவுண்டு பந்தை மணப்பெண்ணின் முன்பல் மாதிரி மின்ன வைத்துவிட்டார். சனிக்கிழமை அது லேனில் நேராக, ஒரு கடமை போலப் போய் ஓரத்தில் நின்ற ஒரே ஒரு பின்னைத் தட்டிவிட்டு மறைந்தது. அடுத்ததும் அப்படியே.

"மாப்ளே, பந்தைப் பாத்துத் தலை சீவிக்கிட்டேன்" என்றார் மச்சான். "இன்னும் ரெண்டு பல்லு வெச்சு விட்டிருந்தா சிரிச்சிக்கிட்டே போயிருக்கும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான அட்டையால் பந்தைத் தேய்த்து மங்க வைப்பது இவர் வேலையாயிற்று. பளபளக்க வைப்பதே வாழ்க்கையாக இருந்தவருக்கு முதலில் கை கூசியது. போகப்போகப் பழகியது. எண்ணெய் தடிமனாக, நீளமாகப் போட்டிருக்கும் நாளில் யூரித்தேனை எடுக்கக் கூடாது, அது வழுக்கிக்கொண்டே போய்விடும், அன்றைக்கு ரெசின். எண்ணெய் குறைந்த நாளில், ஆட ஆடத் தரை வறண்டுவிட்ட நேரத்தில் யூரித்தேன். இப்படியெல்லாம் தானாகக் கண்டுபிடித்து ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தார். நூற்றைம்பத்தெட்டில் இருந்த சராசரி நூற்று எண்பத்தொன்றுக்கு ஏறியது. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக, அரங்கின் சுவரில் முன்னணி ஆட்டக்காரர்களின் பெயர் எழுதும் பலகையில் அவர் பெயர் வந்தது. அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் அவர் ஷூ மாட்டுவார். மேலே பார்க்க மாட்டார். ஆனால் வேறு இடத்தில் நின்று மாட்டவும் மாட்டார்.

"உப்பில்லாத பந்து, காரமில்லாத பந்து. எப்படித்தான் போடுறியோ" என்று மச்சான் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டல் சீசன் பாதியில் நின்றது.

ஏனென்றால் மச்சானின் பந்து திரும்புவதை நிறுத்திவிட்டது.

சீசன் தொடங்குவதற்கு முன்பு அவர் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பின் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, பழையபடி ஆகிவிட்டது என்றார். ஆனால் அரங்கில் பந்து வேறு சேதி சொன்னது. ஆட்டத்தின் முதல் சில வீச்சுகள் பழைய மாதிரி இருக்கும். பிறகு விளிம்போடு ஓடுகிற பந்து திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய்விடும். மச்சான் கையை நீட்டி மடக்கிப் பார்ப்பார். ரப்பர் பந்து வாங்கிப் பிசைந்தார். தைலம் மாற்றினார். நடுவில் ஒரு சனிக்கிழமை பல்லுக்காரருக்கு அவசர வேலை வந்து போகமுடியவில்லை. அன்று மச்சான் இருநூற்றுப் பதினேழு போட்டார். புதுத் தைலத்துக்குத்தான் அந்தப் பெருமை போயிற்று. அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறந்தாள்.

"கை களைச்சுப் போகுது மாப்ளே. ஆரம்பத்துல இருக்கு. அப்புறம் இல்ல" என்றார் ஒருநாள், சிரிக்காமல்.

பந்தோடு போயிருந்தால் பரவாயில்லை. களைத்துப் போகிற கையை வைத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஜன்னலோரம் ஏணி மேல் நின்று ஸ்க்ரூ முடுக்குவது எப்படி? மச்சான் ஒரு திரைக்கடையில் உட்கார்ந்து அளவு எழுதுகிற வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏணியை விலைக்கு எடுத்துப்போக ஆள் வருகிறான். சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம்; அதோடு பந்தும் ஷூவும் பரண்மேல்.

"அண்ணன் ஏணியை ஈரத்துணி வெச்சுத் தொடைச்சிக்கிட்டிருக்காருங்க" என்றாள் மனைவி, போனை வைத்துவிட்டு. "பேச்சே இல்ல. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அந்த வாரம் புதன்கிழமை, டாக்டர் ஒருவருக்குச் செட் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பல்லுக்காரர் அரங்குக்குள் நுழைந்தார். காலை பதினொரு மணி. ஆள் இல்லை. லேனுக்கு எண்ணெய் போடுகிற மெக்கானிக் பெண் பதினோராவது லேனின் ஓரமாக, முக்கால் தூரத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"சார், வாங்க. உங்க கைவரிசையைப் பாருங்க."

வெள்ளைத் துணியைக் காட்டினாள். நடுவில் ஈரக் கறையாக ஒரு கோடு.

"இங்க நான் எண்ணெய் போடவே இல்ல. மெஷின் முப்பத்தஞ்சு அடியோட நிறுத்திடும். இது நாப்பத்தஞ்சாவது அடி. யாரோ கொண்டாந்து விட்டிருக்காங்க."

"யாரு?"

"நேத்து சாயங்காலம் இந்தப் பதினோராவது லேன்ல தனியா ஆடினது யாரு? நீங்கதானே."

ரெசின் பந்து எண்ணெயைக் குடித்துவிடும் என்றாள். யூரித்தேன் குடிக்காது. மேலே ஒட்டியதை அப்படியே சுமந்து போய் வறண்ட இடத்தில் பூசிவிடும். "ஈரக் காலோட வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி சார். நடக்கிறவருக்குத் தெரியாது. பின்னாடி வர்றவன் வழுக்குவான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த லேனுக்குப் போய்விட்டாள்.

பல்லுக்காரர் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. விரலால் தொட்டார். வழுக்கியது. வலது விளிம்பிலிருந்து ஐந்தாவது பலகை. மச்சானின் பந்து திரும்ப வேண்டிய பலகை. நூற்று எண்பத்தொன்று என்ற எண் அப்போது அவர் தலைக்குள் சுவரில் மாட்டிய படம் போல ஒரு பக்கம் சாய்ந்தது.

உடனே போன் செய்திருக்கலாம். வியாழக்கிழமை செய்திருக்கலாம். பட்டறையில் மூன்று மேல்வரிசைகளுக்கு மெழுகு வைத்துக்கொண்டே, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். யோசனைக்கு நடுவே இன்னொரு யோசனையும் வந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை: சொல்லிவிட்டால் அந்தக் கோட்டில் இனி யூரித்தேனைப் போட முடியாது. பலகையில் பெயர் இருக்காது. வெள்ளிக்கிழமையும் போயிற்று.

சனிக்கிழமை மச்சானின் வண்டியில் போகும்போது வாய்வரைக்கும் வந்தது.

"மச்சான்..."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. சிக்னல்."

"எனக்கும் கண்ணு இருக்கு மாப்ளே. கைதான் இல்ல."

கடைசிப் போட்டி இரண்டு ஆட்டம். ஒவ்வொன்றும் வேறு லேன். முதல் ஆட்டத்தில் பல்லுக்காரர் பழைய இடத்தில் நின்றார், பழைய பலகையைப் பார்த்தார். கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றன என்று பிறகு சொன்னார், அது முழு உண்மையல்ல. நூற்றுத் தொண்ணூற்று நாலு. மச்சானின் பந்து நாலாவது வீச்சிலிருந்தே நேராகப் போயிற்று. ஏழாவதில் இரண்டு மூலைப் பின்கள் நின்றன. மச்சான் திரும்பி வந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தார், கணக்குத் தப்புகிறதா என்று பார்ப்பது போல.

இரண்டாவது ஆட்டம் புது லேனில். பல்லுக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு போய், பத்துப் பலகை இடப்பக்கம் தள்ளி நின்றார்.

"அங்க என்ன பண்றீங்க?" என்று கூவினார் அணித் தலைவி, பள்ளியில் கணக்கு டீச்சர். "நடுவுல எண்ணெய் தடிமன்! யூரித்தேன் பிடிக்காது!"

பிடிக்கவில்லை. நடுவே வழுக்கிக்கொண்டு போய் நாலு பின்னை விழுத்தியது. அடுத்தது ஆறு.

"நூத்துத் தொண்ணூறு போட்ட மனுஷன் எதுக்காகப் பரிசோதனை பண்ணணும்? அதுவும் இன்னிக்கு?" டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பல்லுக்காரர் அடுத்த பந்தை எடுத்தார். காது சிவந்துவிட்டது. இடத்தை மாற்றவில்லை.

மச்சானின் மூன்றாவது பந்து திரும்பியது. ஐந்தாவதும் திரும்பியது. எட்டாவதில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்: விளிம்பில் ஓடி, பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பி, பத்துப் பின்னும் ஒரே சத்தம். மச்சானுக்கு இருநூற்றொன்பது. பல்லுக்காரருக்கு நூற்றிருபத்திரண்டு. அணி பதினோரு பின் வித்தியாசத்தில் தோற்றது. டீச்சர் அந்தப் பதினொன்று எங்கே போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, யாரிடமும் காட்டாமல் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கை திரும்பி வந்துவிட்டது என்று மச்சான் நினைத்துக்கொள்ளட்டும், நம் வாயால் எதற்கு என்று பல்லுக்காரருக்கு ஒரு கணம் தோன்றியது. ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "இப்ப கை சரியாயிடுச்சு பாருங்க மச்சான்" என்றார்.

மச்சான் தலையை ஆட்டினார்.

"அதான் மாப்ளே பயமா இருக்கு. ஒரேயடியா இல்லாம போனாக்கூடத் தேவலை. இருக்கு, இல்ல, இருக்கு. ஏணி மேல நிக்கும்போது 'இல்ல'ன்னு சொல்லிச்சுன்னா? திங்கக்கிழமை நான் கடையிலயே போய் உக்காந்துடுறேன்."

பல்லுக்காரர் அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டார். எழுந்தார்.

"உங்க கைல ஒண்ணுமில்ல மச்சான். என் பந்துதான்."

"என்ன உன் பந்து?"

சொன்னார். கோர்வையாக வரவில்லை, துணி, நாற்பத்தைந்தாவது அடி, ஈரக் கால், அந்த இருநூற்றுப் பதினேழு போட்ட சனிக்கிழமை என்று முன்னும் பின்னுமாக வந்தது. மச்சான் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஆறுதலுக்குச் சொல்ற. என் தங்கச்சி சொல்லச் சொன்னாளா?"

பல்லுக்காரர் மெக்கானிக் பெண்ணிடம் போய் ஒரு லேன் கேட்டார். கேட்டு வாங்குவது அவருக்கு எப்போதுமே பெரிய பாடு. அவள் அப்போதுதான் எண்ணெய் போட்டு முடித்த ஓரத்து லேனைக் காட்டி, "கால் மணி நேரம்" என்றாள்.

"போடுங்க மச்சான்."

மச்சான் இரண்டு பந்து போட்டார். இரண்டும் திரும்பின.

"இப்ப உக்காருங்க."

அதே இடத்தில் நின்று, அதே பலகையைப் பார்த்து, பல்லுக்காரர் பதினைந்து முறை யூரித்தேனை வீசினார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்த பந்தைத் துடைக்காமலே எடுத்தார். பதினைந்து முடிந்ததும் மூச்சு வாங்க ஒதுங்கி நின்றார். மச்சான் எழுந்து போட்டார். பந்து விளிம்போடு ஓடியது. ஐந்தாவது பலகையை அடைந்தது. நேராகவே போயிற்று.

மச்சான் கையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். இன்னொரு முறை போட்டார். நேராகவே போயிற்று. பத்துப் பலகை தள்ளிப் போட்டுப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவர் இடம் மாறி நின்றது அதுதான் முதல்தடவை. பந்து திரும்பியது.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார், திரும்பாமல்.

"புதன்கிழமை."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை."

"மூணு நாளு. நான் ஏணிக்கு முழுக்காட்டிக்கிட்டிருந்த மூணு நாளு."

"ஆமா மச்சான்."

"மூணு மாசமா ரப்பர் பந்தைப் பிசைஞ்சேன்டா! அந்தத் தைலம் வாசனைக்கு உன் அக்கா பக்கத்து ரூமுக்குப் போயிட்டா!" அரங்கில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மச்சானின் மனைவியைப் பல்லுக்காரர் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். மச்சான் தன் பந்தைப் பைக்குள் திணித்தார். வீடு வரைக்கும் வண்டியை வேகமாக ஓட்டினார். பல்லுக்காரர் இறங்கும்போது, "அந்தப் பேர்ப் பலகைக்காகவா?" என்று கேட்டார். பல்லுக்காரர் தலையாட்டினார். மச்சான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பட்டறையில் பல்லுக்காரர் ஒரு கீழ்வரிசையை வெறுமனே பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே போட்டு முடித்ததுதான். படிக்கட்டில் எதுவோ சுவரில் இடித்து இடித்து ஏறிவரும் சத்தம். கதவில் முதலில் ஏணியின் நுனி நுழைந்தது. பின்னால் மச்சான்.

"ரெண்டு வருஷமா இந்த ஜன்னலுக்குத் திரை கேக்கிறியே. பிடி."

"ஏணிக்கு ஆளு வர்றதா சொன்னீங்க?"

"வந்தான். அனுப்பிட்டேன். பிடிடா நேரா."

மேலே ஏறி, சுவரில் துளை போட்டார். பிறகு மெஷினைக் கீழே நீட்டிவிட்டு, இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கையாலேயே முடுக்கத் தொடங்கினார், மெல்ல. உதடுகளுக்கு நடுவே மூன்று ஸ்க்ரூ இருந்ததால் பேச முடியவில்லை. கீழே ஏணியைப் பிடித்திருந்தவரின் கண் அந்த மணிக்கட்டிலேயே இருந்தது. கடைசிச் சுற்றில் மச்சான் பல்லைக் கடித்தார். ஸ்க்ரூ அசையாமல் நின்றது, இன்னும் கால் சுற்று திருப்பினார், திரும்பியது.

வாயிலிருந்த மூன்றையும் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு மச்சான் கீழே பார்த்தார்.

"அடுத்த சீசன் உன் கோடு வேற, என் கோடு வேற. புரியுதா?"

"புரியுது மச்சான்."

"என் கையைப் பாக்காத. ஏணியைப் பிடி."